டீச்சர் வேலையிலிருந்து மென்பொருள் வேலைக்கு: மலையக ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராஜினாமாக் கடிதம் கடைசியில்தான் வர வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் போனில் கேட்பவர்களில் பாதிப்பேர் "வேலைய விட்டுட்டுப் படிக்கலாமா, விடாமப் படிக்கலாமா" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விடாமல்தான் படிக்க வேண்டும். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது பிழை விட்டால் ஒரு வாரம்தான் போகும். சம்பளம் நின்ற பிறகு விடும் பிழைக்கு வீட்டு நகை அடகுக்குப் போகும்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள். 2015இல் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறகு கொட்டகலை ஆசிரியர் கலாசாலை, அதன் பிறகு ஆசிரியர் சேவை 3-II. 2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியிருந்தபோது புரோகிராமிங் பக்கம் எட்டிப் பார்த்தேன். 2023 கடைசியில் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். இடையில் மூன்றரை வருடம். "ஆறே மாதத்தில் டெவலப்பர்" என்ற விளம்பரக் கணக்கு, காலை 7.30க்குப் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவில் பிள்ளையின் வீட்டுவேலை என்று ஓடுகிற ஆட்களுக்குச் சரிவராது. இரண்டு வருடம் என்று மனதில் வைத்துத் தொடங்குங்கள். எனக்குக் கூடிப்போனதில் ஒரு வருடம் முழுக்க என் பிழை. அது எப்படிப் போனது என்பது கீழே வருகிறது.

இது உங்களுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள்

மென்பொருள் வேலை என்றால் நாள் முழுக்கப் புதிதாக எழுதிக்கொண்டிருப்பது என்று நினைத்தேன். உண்மையில் பெரும்பகுதி நேரம், யாரோ எழுதி வைத்ததை வாசித்து, ஏன் பிழைக்கிறது என்று தேடுவதில் போகிறது. ஒன்பதாம் வகுப்புக் கொப்பி ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2x + 3 = 11 என்ற சமன்பாட்டுக்குப் பிள்ளை x = 7 என்று எழுதியிருக்கிறது. நீங்கள் மேலே போய்ப் பார்க்கிறீர்கள். மூன்றைக் கழிப்பதற்குப் பதில் கூட்டி, 2x = 14 என்று போட்டிருக்கிறது. அந்த வரியில் சிவப்புப் பேனை நிற்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி வருமே, அது வருகிறவருக்கு இந்த வேலை பிடிக்கும்.

அதைச் சொல்லிக் கொடுத்ததும் "ஆ, விளங்கிட்டு டீச்சர்" என்று பிள்ளையின் முகம் மலர்வதுதான் உங்களை இந்தத் தொழிலில் வைத்திருக்கிறது என்றால் நன்றாக யோசியுங்கள். அந்த முகம் இங்கே கிடைக்காது. சம்பளப் பிரச்சினையாலோ இடமாற்றத் தகராறாலோ மட்டும் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களிடம், முதலில் நான்கு வாரம், நாளுக்கு ஒரு மணித்தியாலம் பைதன் என்ற புரோகிராமிங் மொழியைப் படித்துப் பாருங்கள் என்பேன். ஐந்தாவது வாரமும் தானாக லெப்டொப்பைத் திறக்கிறீர்களா என்பதே போதுமான பதில்.

லெப்டொப், கரண்ட், சிக்னல்

போனில் படித்து முடிக்கலாம் என்ற எண்ணத்தை விடுங்கள். பாவித்த லெப்டொப் போதும். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க், ஓரளவாவது நிற்கும் பற்றரி என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். மற்றதைக் கடைக்காரர் என்ன சொன்னாலும் பரவாயில்லை.

நம் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் முழக்கம் கேட்டதும் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். என் முதல் ரவுட்டர் அப்படித்தான் போனது. கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, அதையும் வாங்கிவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, நான் சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் நிரல் (புரோகிராம் வரிகள்) எழுதி, கரண்ட் வந்ததும் அடித்துப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்த ஒரு மாதத்தில் கற்றதுதான் இன்றும் நிற்கிறது. ஓட்டிப் பார்க்க வழியில்லாதபோது மனதுக்குள் ஓட்டிப் பார்க்கத்தானே வேண்டும்.

இணையம் லயத்துக்கு லயம் மாறும். எங்கள் வீட்டில் ஜன்னல் கட்டையில் போனை நிறுத்தி ஹொட்ஸ்பொட் போட்டால் ஒரு சிம் வேலை செய்யும், அடுத்த அறைக்குள் போனால் செத்துவிடும். இரண்டு கம்பனிகளின் சிம்மைப் போட்டு எது பிடிக்கிறது என்று பாருங்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் நாட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் அதன் விலைக்கு இப்போதைக்கு அதை நம் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதைவிட, வீடியோவைக் குறைத்து எழுத்தில் படிக்கப் பழகுங்கள். புரோகிராமிங்கை இலவசமாகப் படிப்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் பெரும்பகுதி எழுத்தும் பயிற்சியும்தான். பைதனின் ஆவணங்களை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பல மொழிகளின் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் டெவ்டொக்ஸ் என்ற தளம், தேவையானதைச் சேமித்து வைத்தால் இணையம் இல்லாமலும் திறக்கும்.

எதை, எந்த வரிசையில் படிப்பது

பைதன், பிறகு இணையப் பக்கங்கள் செய்ய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிறகு தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல். கிட் என்ற கருவியை இரண்டாம் மாதத்திலேயே தொடங்குங்கள். பாடக்குறிப்புப் புத்தகம் மாதிரித்தான் அது: என்று, எதை, ஏன் மாற்றினேன் என்று பதிந்துகொண்டே போகும். கொழும்பு வேலை விளம்பரங்களில் ஜாவா, சீ ஷார்ப் என்று அடிக்கடி வரும். அதைப் பார்த்துப் பதறி மொழி மாற வேண்டாம். முதல் மொழி ஒழுங்காகக் கைவந்தால் இரண்டாவதற்குக் கொஞ்ச நாள்தான்.

காசு கட்டாமல் படிக்க நல்ல இடங்கள் உண்டு. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் பைதன் அடிப்படையிலிருந்து தொடங்கும் ஃபுல் ஸ்டாக் (திரையில் தெரியும் பகுதி, பின்னால் ஓடும் பகுதி இரண்டும் சேர்ந்த) பாடநெறி ஒன்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடநெறியான சிஎஸ் 50ஐயும் இலவசமாகப் பார்க்கலாம். அது கடினம், ஆனால் அதை நடத்துபவர் படிப்பிக்கும் விதத்தை ஓர் ஆசிரியராகப் பார்த்தாலே பயன்தான். இரண்டில் ஒன்றை எடுங்கள். ஒன்றை மட்டும்.

என் வீணாய்ப் போன வருடம் இங்கேதான் வருகிறது. தரமுயர்வுக்கு ஃபைலில் சான்றிதழ் சேர்த்துப் பழகிய கை, சும்மா இருக்கவில்லை. ஒரு பாடநெறி முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் இன்னொன்று. 2021 முடியும்போது என்னிடம் பதினொரு இணையச் சான்றிதழ்கள் இருந்தன. வெற்றுத் திரையைத் திறந்து வைத்தால் எனக்கு ஒரு வரி எழுத வராது. பாடநெறியில் எல்லாம் விளங்கியது. ஆசிரியர் பலகையில் கணக்குச் செய்யும்போது தலையாட்டிவிட்டு, பரீட்சையில் வெறும் தாள் கொடுக்கிற பிள்ளைகளை எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். நானே அந்த வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பாடசாலையிலேயே ஒரு வேலையை எடுங்கள்

அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது எங்கள் பிரதி அதிபரின் கிழித்த கொப்பித் தாள். ஒவ்வொரு நாளும் 7.25க்கு யார் வரவில்லை என்று பார்த்து, எந்தப் பாடவேளைக்கு யார் சும்மா இருக்கிறார்கள் என்று நேரசூசியில் விரல் வைத்துத் தேடி, பதில் வகுப்புகளை எழுதுவார். முதல் மணி அடித்த பிறகும் தேடிக்கொண்டிருப்பார். சிலருக்கு வாரத்தில் நான்கு பதில் வகுப்பு விழும், சிலருக்கு ஒன்றும் விழாது. அதனால் ஸ்டாஃப் ரூமில் வரும் மனத்தாங்கல் தனிக்கதை.

வரவில்லாதவர்களின் பெயரைக் கொடுத்தால், எந்தப் பாடவேளைக்கு யாரை அனுப்பலாம் என்று சொல்லும் ஒரு சின்னப் புரோகிராம். எடுத்துக்கொண்ட வேலை இவ்வளவுதான். நான்கு மாதம் பிடித்தது. அந்தப் பதினொரு சான்றிதழும் சேர்ந்து தராததை அது தந்தது. இரண்டு பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது. எட்டுப் பாடவேளைகளை ஒரு பட்டியலில் போட்டிருந்தேன். எட்டாம் பாடவேளையைக் கேட்டால் புரோகிராம் "லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச்" என்று கத்திவிட்டு நின்றுவிடும். மற்ற ஏழுக்கும் ஒழுங்காகப் பெயர் காட்டியது. ஆகவே எட்டாவதில் மட்டும்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு இரவு அதையே நோண்டினேன். பைதன் பட்டியலைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். எட்டுப் பொருள்களுக்கு 0 முதல் 7 வரைதான் இலக்கம். நான் ஒன்று என்று கேட்டபோதெல்லாம் அது இரண்டாம் பாடவேளையைக் காட்டியிருக்கிறது. ஏழும் பிழை, எட்டாவது மட்டும்தான் வாய் திறந்து சொன்னது. அன்றிலிருந்து, கத்துகிற பிழையைவிடச் சத்தமில்லாமல் சரிபோல் இருக்கிற விடைக்குத்தான் எனக்குப் பயம்.

இரண்டாவது நம் மொழிக்கே உரியது. நேரசூசி பாமினி எழுத்துருவில் இருந்தது. நம் பாடசாலைகளில் வினாத்தாள் முதல் கூட்டறிக்கை வரை அதில்தானே அடிக்கிறோம். திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்கூட்டம்: பாமினியில் "தமிழ்" என்று அடித்ததை யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறை) இடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். சரி என்று, எழுத்துருவை மாற்றித் தரும் ஒரு கருவியில் போட்டு யூனிகோடாக்கினேன். மீதி வகுப்புகளைப் போனில் நானே அடித்தேன். ஓட்டினால், "தமிழ் மொழி" என்று இரண்டு பாடங்கள் இருப்பதாகக் காட்டுகிறது! கண்ணுக்கு இரண்டும் அச்சொட்டாக ஒன்று. எழுத்து எண்ணிக்கையைக் கேட்டேன். "மொழி" என்ற சொல்லுக்கு ஒன்றில் நான்கு, மற்றதில் ஐந்து என்றது. யூனிகோடில் "மொ"வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். அந்தக் கருவி இரண்டாவதைத் தந்திருக்கிறது, போன் முதலாவதை. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர பைதனில் ஒரு வரி போதும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளைத்தான் பிறகு நேர்முகத் தேர்வில் விற்றேன். "நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். கொம்பையும் காலையும் பலகையில் வரைந்து காட்டினேன். தேர்வு எடுத்த இருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் சிங்களத்திலும் இப்படி வருமா என்று அவர்களே தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே பிறர் செய்த டூ டூ லிஸ்ட், கல்குலேட்டர் எல்லாம் பயிற்சிக்குச் சரி, காட்டுவதற்கு வேண்டாம். தவணைப் புள்ளி அட்டவணை, போஷாக்கு உணவுக் கணக்கு, கொழுந்து நிறுவைக் கணக்கு என்று உங்களைச் சுற்றி யாராவது கையால் செய்து களைத்துப்போகும் ஒரு வேலையை எடுங்கள். பிள்ளைகளின் உண்மைப் பெயர்களையும் புள்ளிகளையும் மட்டும் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். பொய்ப்பெயர் போட்டுக் காட்டுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றிக் கேட்பீர்கள். கடந்தகால வினாத்தாளுக்கு விடைத்தாள் பாவிப்பதுபோல் பாவியுங்கள்: செய்து பார்த்த பிறகு. அது எழுதித் தந்ததை வரி வரியாக விளக்க முடியாவிட்டால், அது உங்கள் வேலை என்று காட்ட வேண்டாம். ஆரம்ப நிலை வேலைகளுக்குப் போட்டி கூடியிருக்கிறது, தேர்வு எடுப்பவர்களும் இப்போது "இந்த வரியை ஏன் எழுதினீர்கள்" என்றுதான் குடைகிறார்கள்.

இங்கிலிஷ்

நம்மில் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறோம். வாசிக்கும் இங்கிலிஷும் பேசும் இங்கிலிஷும் வேறு வேறு பயிற்சி. வாசிப்புக்கு, பிழைச் செய்திகளை மொழிபெயர்த்து ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அறுபது, எழுபது செய்திகளுக்குப் பிறகு பெரும்பாலும் பழையதே திரும்ப வரும். பேச்சுக்கு, அன்றைக்கு எழுதிய நிரலை ஐந்து நிமிடம் இங்கிலிஷில் விளக்கி, போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். முதல் வாரம் கேட்கவே கூசும். இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை, வசனத்தை முடிக்கப் பழகினால் போதும்.

பட்டம் வேண்டுமா?

விளம்பரங்களில் கேட்பார்கள். கலைப்பட்டம் இருப்பவர்களையும் சில இடங்களில் பயிலுநராக எடுக்கிறார்கள், ஆனால் பல இடங்களில் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும். வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியது கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம். முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாவது முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாவது முடித்தால் பட்டம் என்று படிகள் இருப்பதால், பாதியில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒன்று மிஞ்சும். பரீட்சை இங்கிலிஷில். நான் முதல் வருட டிப்ளோமாவோடு வேலைக்கு வந்தேன், மீதியை இப்போது முடித்துக்கொண்டிருக்கிறேன்.

கியூஏ எனப்படும் சோதனைப் பிரிவையும் பாருங்கள். எழுதுவதைவிட அது இலகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வினாத்தாள் தயாரித்தவருக்கு, பிள்ளை எங்கெங்கே வழுக்கும் என்று முன்கூட்டித் தெரியும். பாவனையாளர் எங்கே வழுக்குவார் என்று யோசிப்பதும் அதே புத்திதான்.

வாங்கில் உட்காருவது

தொழில்நுட்பத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரு சொல். எட்டு வருடம் வகுப்பில் நின்று விடை சொன்னவளுக்கு "தெரியாது" என்று வாயில் வராது. முதல் வாரம், என்னைவிடப் பத்து வயது இளைய டீம் லீட் ஒரு வேலையை விளக்கிவிட்டு "விளங்கியதா அக்கா?" என்று கேட்டான். தலையாட்டினேன். விளங்கவில்லை. இரண்டு நாள் தனியே திண்டாடி, கடைசியில் அவனிடமே போனேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. "முதல் நாளே கேட்டிருக்கலாமே" என்றான், கோபமில்லாமல். இப்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு: அரை மணித்தியாலம் முயற்சி, பிறகு என்னென்ன செய்து பார்த்தேன் என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்பது. எழுதும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

விடுகிற நேரம்

வேலை உறுதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் இந்தப் பகுதி.

சம்பளமற்ற விடுமுறையை முதலில் பாருங்கள். 2022 நெருக்கடியில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க வழி விடும் சுற்றறிக்கை வந்தது. உங்களுக்கு இன்று எது பொருந்தும் என்று வலயக் கல்விப் பணிமனையில் வாயால் கேட்காமல் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அனுமதி வருமுன் பாடசாலைக்குப் போகாமல் இருந்தால் பதவியைக் கைவிட்டதாகக் கணக்கு வைப்பார்கள். ஆசிரியராக இருந்துகொண்டே வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யவும் தாபன விதிக்கோவைப்படி அனுமதி வேண்டும்.

இராஜினாமா என்றால் ஓய்வூதியத்தை மறந்துவிடுங்கள். தனியார் துறையில் ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், நிறுவனம் 12, அதோடு ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3. இது மாதப் பென்சனாக வராது, மொத்தமாக வரும். வீட்டில் இதைப் பேசியே ஆக வேண்டும். என் அம்மா கூடை தூக்கி எங்களைப் படிக்க வைத்தவர். "பென்சன் உள்ள வேலைய விட்டுப்புட்டு எங்கம்மா போற?" என்று ஒரு மாதம் கேட்டார். இந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டியும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. சம்பளமற்ற விடுமுறை என்ற சொல்தான் கொஞ்சம் தேற்றியது.

இடர் கடன் எடுத்திருந்தால் மீதி எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள். நீங்கள் கட்டாமல் போனால் பிணை நின்ற சக ஆசிரியர்களின் சம்பளத்தில் கை வைப்பார்கள். கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்றும் பாருங்கள். பயிலுநர் கொடுப்பனவு பல இடங்களில் ஆசிரியர் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும். அதில் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ போடிங் காசும் போகும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நான்கைந்து மணித்தியாலம், தினமும் போய்வரும் தூரமில்லை.

தவணை நடுவில் போக வேண்டாம். சாதாரண தர வகுப்பு உங்களிடம் இருந்தால் பரீட்சை முடியட்டும். வரவு இடாப்பு, புள்ளிப் புத்தகம், உங்கள் பெயரில் இருக்கும் பாடசாலைப் பொருள்கள் எல்லாவற்றையும் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள். பாடசாலைக்கு ஏதாவது புரோகிராம் செய்து கொடுத்திருந்தால், அதை எப்படி ஓட்டுவது என்று தமிழில் ஒரு தாளில் எழுதி ஸ்டாஃப் ரூம் கணினிக்கு மேலே ஒட்டிவிட்டுப் போங்கள். நான் ஒட்டினேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். கொழும்புக்கு வந்து இரண்டாவது வாரம் காலை 7.28க்குப் பிரதி அதிபரிடமிருந்து கோல். "டீச்சர், இன்னைக்கு எட்டு ஏ-க்கு மொதல் பாடவேளை ஒங்களத்தான் போகச் சொல்லுது." நேரசூசியிலிருந்து என் பாடங்களை எடுத்தவள், ஆசிரியர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. பாடமே இல்லாத ஒரு டீச்சர் எட்டுப் பாடவேளையும் சும்மா இருப்பதாகத்தானே அதற்குத் தெரியும்.